ஆண் மானுக்கு நாலெழுத்து

இனிமேல்தான் பிறக்கப்போகும் என் பிள்ளைக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன்னைப் பெறப்போகிறவள் இப்போது எந்த ஊரில், எந்த வகுப்பில், எந்த டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாளோ, அதுவும் எனக்குத் தெரியாது. எனக்கு வயது பதினேழு. மீசை என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. வெயிலில் நின்றால் தெரியும். இந்த வயதில் மகனுக்குக் கடிதம் எழுதுகிறவன் ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் அவசரக்குடுக்கை என்று நீ நினைக்கலாம். இரண்டும் இல்லை. ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கேட்கிறவர் அதை நம்பவும் வேண்டும். என்னைத் தெரிந்த யாரும் நான் சொல்வதை நம்புவதில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் என்னைத் தெரியாத ஆள் இருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன். கடைசியில் நீதான் மிஞ்சினாய். நீ வளர்ந்து, "எங்கப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாது" என்று நண்பர்களிடம் சொல்லத் தொடங்கும் வயதில் இதைப் படி. அதற்கு முன்னால் படித்தால் என்மேல் மரியாதை வந்துவிடும். அது உன் உடம்புக்கு ஆகாது.

உன் தாத்தாவை, அதாவது என் நைனாவை, முதலில் காட்டிவிடுகிறேன். திருமழிசைக்குப் பக்கத்தில் தண்ணீர் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் அவர் பெயின்டர். பம்புக்குப் பச்சை வண்ணம் அடிப்பது, வெட்டிய தகட்டை மேலே வைத்துக் கம்பெனி பெயரைப் பதிப்பது எல்லாம் யாரும் செய்கிற வேலை. பலகை எழுதுவதென்றால் மட்டும் நைனாதான். 'புகை பிடிக்காதீர்' என்று அவர் எழுதிய பலகைக்கு முன்னால் நின்று, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ரசித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். இங்கிலீஷ் எழுத்தை அச்சில் வார்த்த மாதிரி எழுதுவார். படிக்கத்தான் வராது. அவருக்கு அவை வளைவுகளும் கோடுகளும். நமக்குக் கோலம் மாதிரி. கம்பெனிக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். ஒரே அறை, ஒட்டினாற்போல ஒரு அடுப்படி. நைனா, அம்மா, நான்.

அந்தக் குவார்ட்டர்ஸில் எனக்கு நல்ல பெயர் இருந்தது என்று எழுத ஆசைதான். ஒருநாள் கேன்டீன் கரும்பலகையில் 'தயிர் சாதம்' என்று எழுதியிருந்ததில் இரண்டே எழுத்தை மாற்றி 'உயிர் சேதம்' ஆக்கினேன். அன்றைக்கு சாதம் மிஞ்சிப்போனது. மேனேஜர் மே மாதத்திலும் டை கட்டுகிறவர். அவர் வருவதற்கு முன்னால் டை வரும், பின்னால் அவர் வருவார். அவருக்கு நான் வைத்த பெயர் 'டைமிங் மாஸ்டர்'. அது அவர் காதுக்கும் போய்விட்டது. வாய் நீளம் என்று அம்மா சொல்வாள்.  நைனா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். தோள் குலுங்குவதை வைத்துச் சிரிக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கம்பெனி முதலாளிக்குத் திடீரென்று மான் ஆசை வந்தது. எங்கெங்கோ அனுமதி வாங்கி, கம்பெனி வாசலுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில் கம்பி வேலி போட்டு, ஓர் ஆணும் இரண்டு பெண்ணுமாகப் புள்ளிமான் கொண்டுவந்து விட்டார்கள். ஆண் மானுக்குத் தலையில் அவ்வளவு பெரிய கொம்பு. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதே ஒரு உத்தியோகம் மாதிரி இருக்கும். அன்று சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

"டேய், ஆம்பள மானுக்கு இங்கிலீஸ்ல இன்னாடா?"

"மேல் டீர், நைனா."

"அத்த மேனேஜரே சொல்ட்டாரு. முதலாளி படிச்சவராம். தனியா ஒரு வார்த்த கீதாம், அத்தத்தான் பலகையில போடணுமாம். மேனேஜருக்குத் தெரியல. என்னாண்ட உட்டுட்டாரு."

"உனக்குத் தெரியல, என்னாண்ட உட்டுட்டியா?"

"ஆமா. உனக்கும் தெரியலன்னா நீ உன் புள்ளையாண்ட உடு."

பார்த்தாயா, உன் தாத்தா உன்னை அப்போதே வேலைக்கு எடுத்துவிட்டார்.

என் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சலீமை இழுத்துக்கொண்டு பூந்தமல்லி லைப்ரரிக்குப் போனேன். சலீம் என் வகுப்பு. அவன் வாப்பாவுக்கு அங்கே கடைத்தெருவில் அத்தர் கடை. அதனால் அவன் எங்கே வந்தாலும் வாசனை முதலில் வந்துவிடும். ஒளிந்து விளையாட லாயக்கில்லாதவன். வார்த்தைகள் பிறந்த கதையெல்லாம் சொல்லுகிற தடித்த அகராதி ஒன்று அங்கே இருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தோம். அதற்கு உதவியாகப் பக்கத்தில் ஒரு கலைக்களஞ்சியம். ஆண் மானுக்கு ஒரு வார்த்தை இல்லை, மூன்று இருந்தன. மூன்றுக்கும் நாலு எழுத்து. ஒன்று 'பக்', அது ஆட்டுக்கிடாவுக்கும் சொந்தமான வார்த்தை. இன்னொன்று நடுவில் 'ஈ' இல்லாத 'ஹார்ட்', அதன் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் 'கொம்பு வைத்தது' என்று வருகிறது. மூன்றாவதுதான் 'ஸ்டாக்': எஸ், டி, ஏ, ஜி.

இந்த மூன்றாவதை நீ கொஞ்சம் நின்று கேள். ஸ்டாக் மிகப் பழைய வார்த்தை. எங்கிருந்து வந்தது என்று அகராதிக்கே முழு நிச்சயமில்லை. வடக்கே கடலுக்கு அந்தப் பக்கத்து மக்கள் பேச்சில் அதன் பங்காளி ஒன்று இருக்கிறதாம். அது ஆண் பறவையைக் குறிக்குமாம். இங்கிலீஷ்காரன் நாட்டிலேயே சில பக்கங்களில் ஆண் வாத்தை, ஆண் பூனையை, இளங்குதிரையைக்கூட அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் பழைய தமிழில் கோழிக்கு மட்டுமா சேவல்? அன்னத்திலும் ஆணுக்குச் சேவல் என்றுதான் பெயர் என்று தமிழய்யா நடத்தினார். அந்த மாதிரிதான் இதுவும். பல ஆண் பிராணிகளுக்குப் பொதுவாக இருந்து, கடைசியில் மானிடம் போய்த் தங்கிவிட்ட வார்த்தை. அதில் கொம்பைப் பற்றி ஒரு எழுத்துகூடக் கிடையாது. வேட்டைக்காரர்கள் பேச்சு இன்னும் வேடிக்கை. ஆண் மானுக்கு ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு பெயர். ஐந்தாம் வருஷத்தில்தான் அது ஸ்டாக் ஆகும், அதற்குப் பிறகு ஹார்ட். வருஷா வருஷம் பழைய கொம்பு விழுந்து புதுக்கொம்பு முளைப்பதை வைத்துத்தான் அவர்கள் வயதைக் கணக்குப் பார்த்தார்களாம்.

"மச்சான், மானுக்கு வருசா வருசம் கொம்பு உழுந்துடுமாம்டா."

"நம்ம கணக்கு வாத்தியாருக்கு உழுந்தா நல்லாருக்கும்," என்றான் சலீம். லைப்ரரியன் எங்களை வெளியே அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் மூன்றையும் சொன்னேன். ஹார்ட் என்று போட்டால் நம் ஜனங்கள் மானுக்கு நெஞ்சுவலி என்று பழம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், ஸ்டாக்கே போடு என்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எஸ்ஸுல ஆரம்பிக்குதா? சரி, நல்லா வரும்." நன்றாகத்தான் வந்தது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. அந்த எஸ், மான் திரும்பிப் பார்க்கும்போது கழுத்து வளையுமே, அப்படி இருந்தது. முதலாளி வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மேனேஜர் அந்த வார்த்தையைத் தானே கண்டுபிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். நைனா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பார்வைக்காகத் தினமும் ஒழுங்காக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

ஏனென்றால் அடுத்த மாதமே மேனேஜர் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்பு டை, மான் கொம்பில் தொங்கியது. எப்படிப் போனது என்று கேட்காதே. அப்பாக்கள் எல்லாவற்றையும் சொல்லக் கூடாது. மான் அந்த டையோடு காலையில் வேலியோரம் கம்பீரமாக நடந்தது. ஷிப்டுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்று "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேனேஜர் நைனாவைக் கூப்பிட்டு, "உன் பையன் இன்னொரு தடவை அந்த வேலிக்குள் கால் வைத்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போலீஸில் போய்ப் பேசிக்கொள்" என்றார். அன்றைக்கு நைனாவின் தோள் குலுங்கவில்லை. "இனிமே அந்தப் பக்கம் போவாத நைனா" என்றார் என்னிடம். எங்கள் ஊரில் அப்பனும் நைனா, பிள்ளையும் நைனாதான்; பாசம் வந்தால் யார் யாரை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடலாம். போவதில்லை என்றேன். போகவும் இல்லை.

அறிவுரை சொல்வது அப்பாவின் கடமை என்பதால் இந்த இடத்தில் ஒன்று சொல்லி வைக்கிறேன். குறும்பு செய், வேண்டாம் என்று நான் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் நீ செய்கிற குறும்புக்கெல்லாம் ஒரு நினைவு இருக்கிறது. நீ மறந்த பிறகும் அது ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். நீ ஒன்றும் செய்யாத நாளில் வந்து உன் பக்கத்தில் நிற்கும்.

முதலாளி வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மான் காட்ட வருவதாக இருந்த வாரத்தில், ஒரு காலையில் மானுக்கு ஒரு கொம்பு இல்லை. மறுநாள் இன்னொன்றும் இல்லை. தலையில் கொம்பு இருந்த இடத்தில் சிவந்த இரண்டு வட்டம். அந்த மான் எங்கள் யாரையும் பார்க்கப் பிடிக்காத மாதிரி மூலையில் போய் நின்றுகொண்டது. மேனேஜர் ஓடி வந்தார். அன்றைக்கு அவர் டையை முந்திக்கொண்டு வந்தார். வாசல் வாட்ச்மேன் கன்னியப்பன்தான் மானுக்குப் புல் போடுகிறவர். வீட்டில் மாடு கன்று வைத்திருக்கிற திருமழிசைக்காரர். கம்பெனியில் பிராணிகளைப் பற்றி யார் எது கேட்டாலும் அவரிடம்தான் கேட்பார்கள்.

"சார், பொறந்ததுலேர்ந்து மாடு மேய்ச்சிகினு கீறவன் நான்," என்றார் கன்னியப்பன். "சண்டையில கொம்பு ஒட்ஞ்சி பாத்துகீறேன். தானா கயண்டு உழுந்து பாத்ததே இல்ல. இது எவனோ பண்ண வேல சார்."

அங்கே நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் மாடு பார்த்து வளர்ந்தவர்கள். மாட்டுக்குக் கொம்பு என்றால் சாகிறவரைக்கும் கொம்புதான். மானும் ஒரு மாதிரி மாடுதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். லைப்ரரியில் படித்திருக்கிறேன், கத்திச் சொன்னேன்: "சார், மாடு வேற, மான் வேற. மானுக்குக் கொம்பு வருஷா வருஷம் விழுந்து முளைக்கும். டிக்‌ஷனரியில இருக்கு சார்!"

"எந்த டிக்‌ஷனரி?" என்றார் மேனேஜர். "தயிர் சாதத்துக்கு உயிர் சேதம்னு அர்த்தம் போட்டிருக்குமே, அதுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பதில்தான். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நைனாவிடம் மட்டும் சொன்னார்: மான் கொம்புக்கு வெளியில் நல்ல விலை உண்டு, முதலாளி வருவதற்குள் கொம்பு வந்தாக வேண்டும், இல்லையென்றால் பையன் பேரில் புகார் எழுதிக் கொடுப்பேன். அதுவரைக்கும் வாய் நீளமாக இருந்த எனக்கு அன்று காலையிலிருந்து கையும் நீளம் ஆகிவிட்டது.

வீட்டில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரகசியம் மாதிரி, "கண்ணு, எட்த்திருந்தா குட்த்துடுடா. யாரும் பாக்காதப்ப அப்பிடியே உள்ள போட்டுட்டு வந்துடு" என்றாள். நைனா அடுப்படி வாசலில் நின்றார்.

"இத்தபாரு, அடிக்க மாட்டேன். எங்க வெச்சிகீற?"

"நான் எடுக்கல நைனா. அது தானா உழுவுது."

"சர்தான்."

"மெய்யாலுமே நைனா. புக்குல போட்டுகீது. நீ எழுதின வார்த்தைய தேடறப்பதான் படிச்சேன்."

"நான் எழுதின வார்த்தையில கொம்பு கீதா?"

"அதுல இல்ல நைனா, வேட்டைக்காரங்க..." என்று ஆரம்பித்தேன். கொம்பில்லாத வார்த்தையையும், கொம்பு உள்ள வார்த்தையையும், ஐந்தாம் வருஷத்தையும் ஆறாம் வருஷத்தையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நான் இட்டுக்கட்டுகிற கதை மாதிரி கேட்டது. நைனா கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டார். இட்டுக்கட்டுகிற பிள்ளையை எப்படிக் கேட்பார்களோ, அப்படி.

விழுந்த கொம்பு எங்கேயாவது கிடக்கத்தானே வேண்டும்? அதைக் காட்டினால் போதும் என்று தோன்றியது. மறுநாள் சலீமோடு வேலியைச் சுற்றி வெளிப்பக்கமாகத் தேடினேன். உள்ளே கால் வைக்கவில்லை. கம்பிக்கு அடியில் காட்டாமணக்குப் புதருக்குள் ஒன்று கிடைத்தது. மான் வேலியில் தலையைத் தேய்த்தபோது கழன்று இந்தப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். சலீம் குச்சியால் இழுத்தான். அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று உருண்டையாக இருந்தது. ரம்பத்தால் அறுத்திருந்தால் தட்டையாக அல்லவா இருக்கும்! இன்னொன்றை எவ்வளவு தேடியும் காணோம். இருந்தால் என்ன, இது ஒன்றே போதும். "மாமே, உங்க நைனா தப்பிச்சாரு" என்றான் சலீம். வழியில் யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று சட்டையைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

நைனா வாசலில் உட்கார்ந்து பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். வெற்றுடம்போடு மூச்சிரைக்க வந்து நின்ற பிள்ளை, சட்டைக்குள்ளிருந்து கொம்பை எடுத்து நீட்டுகிறான். அதை அவர் இடத்திலிருந்து நீ ஒருமுறை பார். நான் அப்போது பார்க்கவில்லை.

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பிழைத்திருப்போம். "இன்னொண்ணு?" என்றார். புதரைப் பற்றிச் சொன்னேன். உருண்டையைப் பற்றிச் சொன்னேன். சலீமைக் கேள் என்றேன். அவர் கொம்பை வாங்கி, பிரஷ் துடைக்கிற துணியில் சுற்றி, "சரி, ஊட்டுக்குள்ள போ" என்றார். அப்படியே ஆபீஸுக்குப் போனார். நான் கண்டுபிடித்ததைக் காட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவிடம் "எல்லாம் முட்ஞ்சிதும்மா" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகச் சோறுகூடச் சாப்பிட்டேன்.

அவர் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாந்தான் எட்த்தேன்னு சொல்ட்டேன்."

அம்மா கையிலிருந்த சொம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.  "ஏன் நைனா?" என்று கேட்டேன்.

"உன் பேரு ஸ்டேசன்ல ஏறக் கூடாது. நீ ப்ளஸ் டூ எழுதணும்."

"நான் எடுக்கவே இல்லியே நைனா!"

"சரி உடு. முட்ஞ்சி போச்சு."

இன்னொரு கொம்பு எங்கே என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். விற்றுவிட்டேன் என்றாராம். யாரிடம்? தெரியாத ஆளாம். எங்கே? ரோட்டிலாம். பாவம், பொய் சொல்லிப் பழக்கமே இல்லாதவர். என்னிடம் கேட்டிருந்தால் உருப்படியாக ஒன்று கட்டிக் கொடுத்திருப்பேன். மறுநாள் நான் ஆபீஸ் வாசலில் போய் நின்று, எங்கள் வீட்டில் யாருமே எடுக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "பெத்த அப்பனே ஒத்துக்கிட்டான். நீ இல்லைங்கற. யார் பேச்சை நம்பறது?" என்றார் மேனேஜர். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை, கதவைச் சாத்திவிட்டார்கள்.

நைனாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, இரக்கப்பட்டு, அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். லாரியில் பம்பு ஏற்றுகிற வேலை. பிரஷ் கிடையாது, குவார்ட்டர்ஸ் கிடையாது. கிளம்புகிற அன்று மேனேஜர் கடைசியாக ஒரு பெயின்டர் வேலை கொடுத்தார். "கொம்பே இல்லாத மானுக்கு ஸ்டாக் எதுக்குய்யா? விருந்தாளி பார்த்தா சிரிப்பாங்க. அழிச்சிட்டுப் போ." நைனா ஸ்டூல் போட்டு ஏறி நின்று, மஞ்சள் பெயின்டால் அந்த எஸ்ஸின் தலையிலிருந்து அழிக்கத் தொடங்கினார். நான் கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹார்ட் என்று எழுதியிருந்தால் அழிக்கச் சொன்னதில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும். அதுதான் கொம்பில் பிறந்த வார்த்தை. ஸ்டாக்குக்குக் கொம்பு எதற்கு? தலையில் ஒன்றுமில்லாமல் மூலையில் நின்றாலும் அது ஸ்டாக்தான். இதையும் நைனாவிடம் சொன்னேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் திரும்பாமல். என்னிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வார்த்தை விஷயத்தில் என்னை நம்பினார். கொம்பு விஷயத்தில்தான் முடியவில்லை.

ஆவடிக்குப் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு போர்ஷன் பார்த்துக் குடிவந்தோம். அங்கிருந்து நைனா விடிவதற்கு முன்னால் சைக்கிள் மிதித்துக் கம்பெனிக்குப் போனார். சாயங்காலம் வந்தால் உள்ளங்கையை மடக்க முடியாமல் விரித்தே வைத்திருப்பார். ஒருநாள் என் புத்தகத்துக்கு அட்டை போட்டு, பெயர் எழுதித் தரச்சொல்லிக் கொடுத்தேன், வேண்டுமென்றே. எழுதினார். கோடு ஆடியது. "பேனா சரியில்ல" என்றார். அந்த வருஷம் முழுவதும் நான் ஒரு குறும்பும் செய்யவில்லை என்று சொன்னால் நீயாவது நம்பு. அதனால் ஒரு பயனும் இல்லை. நான் சும்மா இருக்க இருக்க, மனசு உறுத்துகிறது, அதனால்தான் அடங்கிவிட்டான் என்று அம்மா நினைத்தாள். பழையபடி குதித்தால், வெட்கமே இல்லாமல் குதிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். எப்படி நின்றாலும் திருடன் நிற்கிற மாதிரியேதான் இருந்தது.

இதற்கிடையில் மானுக்குக் கொம்பு திரும்ப முளைத்தது. முதலில் தோல் மூடி, பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்ததாம். அப்புறம் தோல் உரிந்து பழையபடி ஆகிவிட்டதாம். "பாத்தியா நைனா, மொளச்சிச்சா?" என்றேன். இப்போதாவது புரியும் என்று நினைத்தேன். ஆனால் கன்னியப்பன் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: "வெட்ன முருங்க தழையல? அந்த மாரிதான்." எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. புதிதாக வந்த பெயின்டர் திரும்பவும் ஸ்டாக் என்று எழுதிவிட்டானாம். "எஸ்ஸு கோணலா கீது" என்றார் நைனா.

நீ பெரியவனாகி என் முன்னால் வந்து, "நான் செய்யலப்பா" என்று நிற்கிற ஒரு நாள் கட்டாயம் வரும். அப்போது உன்னை நம்புவேன் என்று இங்கே எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீ என் பிள்ளை. பாதித் தடவை நீதான் செய்திருப்பாய். எந்தப் பாதி என்று எப்படித் தெரிந்துகொள்வேன்? நைனாவுக்கும் அதே கஷ்டம்தான் இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: நம்ப முடியாவிட்டாலும், உனக்காக எதையும் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுப்பேன். அதைத் தவிர என்னால் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நைனா சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். "டேய்" என்றார். போனேன்.

"கொம்பு உழுந்துச்சுடா. கன்னியப்பன் புல்லு போட்டுகினு கீறான், அவன் கண்ணு முன்னாடியே மான் தலைய ஒதறுது, தொப்புனு உழுவுது. எட்த்துகினு கத்திகினே ஓடியாந்தான். எல்லாரும் பாத்தோம். என் கைல குட்த்தான். அடி சொரசொரன்னு உருண்டையா கீது. அன்னிக்கு நீ கொண்டாந்ததும் அப்பிடித்தான் இருந்துது."

"ம்," என்றேன்.

"மேனேஜராண்ட போனேன். அவரும் பாத்தாரு. 'உழுவுதுதான்யா, ஒத்துக்கறேன். ஆனா போன வருஷம் நீதான எட்த்தேன்னு சொன்ன? பண்ணாதத எவனாவது பண்ணேன்னு சொல்வானா? மேல எழுதி அனுப்பிச்சாச்சு, இனிமே மாத்த முடியாது' அப்பிடீன்றாரு. நான் இன்னா சொல்றது? நாந்தான சொன்னேன்."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ எடுக்கல."

"இல்ல நைனா."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே நைனா."

"சொன்ன," என்றார். "சொன்ன, சொன்ன" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், மெதுவாக, "நீ எட்த்திருந்தாகூடப் பரவால்லடா" என்றார்.

எனக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் எடுத்திருந்தால், அவர் சுமந்த அத்தனை பம்பும் எனக்காகச் சுமந்ததாக இருந்திருக்கும். இப்போது அது யாருக்காகவும் இல்லை.  வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எட்த்தேன் நைனா. இந்த வருசம்தான் தானா உழுந்துது. போன வருசம் நாந்தான் எட்த்தேன்."

அவர் நிமிர்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "பொய் சொல்றான் பாரு" என்றார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நாங்கள் இருவரும் முதலில் நினைத்தோம்.